மேட்டில் நின்ற லோரியும் முனீஸ்வரரோடு நான் போட்ட சண்டையும்

ஐந்து மாதம் என் லோரி என்னை ரோட்டில் உட்கார வைத்து அழ வைத்தது. ஐப்பசியில் ஆரம்பித்த கோளாறு மாசி வரைக்கும் விடவில்லை. நன்றாக ஓடிக்கொண்டே வரும். திடீரென்று இழுவை குறையும், இரண்டு முறை திணறும், அப்படியே நின்றுவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த ஐந்து மாதத்தில் நான் பட்டதையும், நான் செய்ததையும், முனீஸ்வரர் எனக்குச் செய்ததையும் அவர் சந்நிதியில் என்னோடு நின்று கையெடுக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பூசை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கோயில் தலைவர் கேட்டபோது, எனக்கு எழுத வராது, திட்டத்தான் வரும் என்றேன். திட்டியதையே எழுதுங்கள் என்றார். எழுதுகிறேன். இதில் நான் நல்லவளாக வரும் இடம் குறைவு, முன்பே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் சரோஜா. திகாம் பத்து என்ற ஊருக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் மாணிக்கம் தோட்டத்துச் செம்பனைக் குலைகளை எண்ணெய் மில்லுக்கு ஏற்றிப் போகும் லோரி வைத்திருந்தார். சொந்த லோரி, பழைய லோரி. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலையில் பசியாறிவிட்டு எழுந்தவர் அப்படியே சரிந்தார். வலது கை, வலது கால் போய்விட்டது. பேச்சும் குழறிவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. லோரி நின்றால் குலை ஏற்றும் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். அவரைத் தூக்கிக்கொண்டு நான் எந்த வாசலில் போய் நிற்பது? அதனால் நாற்பத்தாறு வயதில் லோரி லைசென்ஸ் எடுத்தேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னேன். லோரி ஓடியது.

போன ஆவணியில் ஒரு நாள் காலையில் பார்த்தால் டாங்கியில் சொட்டு டீசல் இல்லை. யாரோ குழாய் விட்டு உறிஞ்சி எடுத்துவிட்டார்கள். மூடியையும் எங்கேயோ வீசிவிட்டுப் போய்விட்டார்கள். பூட்டு வைத்த புது மூடி ஒன்று வாங்கிப் போட்டேன். இருந்தாலும் மனசு ஆறவில்லை. பூட்டை உடைக்க எவ்வளவு நேரமாகும்? அதனால் வெள்ளிக்கிழமைதோறும் லோரிக்குப் பொட்டு வைக்கும்போது, முகப்பு விளக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் வைத்த பிறகு, அந்தப் புது மூடிக்கும் வைக்க ஆரம்பித்தேன். நடுவில் நல்ல கெட்டியாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். "முனீஸ்வரா, இத நீ பாத்துக்க" என்று சொல்லித்தான் வைப்பேன். நம் தோட்டத்தில் வண்டி ஓட்டுகிறவர்கள் யார்தான் பொட்டு வைக்காமல் ஓட்டுகிறோம்? அதற்குப் பிறகு ஒரு சொட்டு டீசல்கூடத் திருட்டுப் போகவில்லை. காவல் பலித்தது என்று சந்தோஷப்பட்டேன்.

தீபாவளிக்கு முந்திய வாரம் முதல் தடவை நின்றது. குலை நிறைய ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போகும் வழியில். முக்கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் பண்ணினேன், கிளம்பிவிட்டது. ஏதோ குப்பை என்று விட்டுவிட்டேன். மறுநாளும் நின்றது. அதற்கு அடுத்த நாளும்.

என் வீட்டுக்காரரின் தம்பி செல்வம் மெக்கானிக். பாக்கார் ஆராங்கில் குடியிருக்கிறான். அங்கேயே, தவுக்கே என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் வர்க்‌ஷாப்பில் வேலை. போன் போட்டதும் மோட்டோவில் வந்தான். டீசல் பில்டர் மேல் ஒரு சின்ன ஸ்குரு இருக்கிறது. அதைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அமுக்கினான். டீசலோடு குமிழ் குமிழாக வந்தது.

"அண்ணி, ஆங்கின் மாசோக். வேற ஒண்ணும் இல்ல" என்றான். "எங்கயோ ஒரு எடத்துல காத்து உள்ள போவுது. அத எறக்கிட்டா ஓடும். எடத்தக் கண்டுபுடிச்சி அடச்சிட்டா முடிஞ்சிருச்சி லா."

ஆங்கின் மாசோக், காற்று உள்ளே போய்விட்டது. நமக்கு வயிறு ஊதினாலும் உடம்பு வலித்தாலும் இங்கே எல்லாரும் சொல்லும் அதே வார்த்தைதான். அந்த வார்த்தையை அடுத்த மாதங்களில் நூறு வாயில் கேட்டேன். எனக்கும் ஸ்குருவைத் தளர்த்திப் பம்பை அமுக்கக் கற்றுக் கொடுத்தான். நின்ற இடத்தில் இறங்குவேன், அமுக்குவேன், குமிழ் வரும், ஸ்குருவை முறுக்குவேன், ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் போகும், மறுபடி நிற்கும். காத்திருக்க வேண்டும். அரை மணி, ஒரு மணி. பிறகு ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

அந்தக் கைப்பம்பு எனக்குச் சத்ரு ஆகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கும். கட்டை விரல் தோல் உரிந்துவிட்டது. என் கையில்தான் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வம் என்ன செய்யவில்லை? குழாயை எல்லாம் மாற்றினான். பில்டர் மாற்றினான். டாங்கியை இறக்கிக் கழுவினான். உள்ளே ஒரு குப்பை இல்லை. தவுக்கேயும் இரண்டு நாள் குனிந்து குனிந்து பார்த்தார். பம்பைக் கழற்றி வேறு ஆளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. நல்லாயிருக்கு என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது. நன்றாக இருந்தால் ஏன் நிற்கிறது?

இதில் ஒரு விஷயம் என் தலைக்குள் புழுவாக நெளிய ஆரம்பித்தது. வர்க்‌ஷாப்பில் லோரி நிற்காது. இரண்டு மணி நேரம் இஞ்சினை ஓட விடுவார்கள், ஒரு திணறல் இருக்காது. நான் எடுத்துக்கொண்டு வந்தால் அரை மணியில் நின்றுவிடும். டாங்கி நிறைய டீசல் ஊற்றிய நாளில் இன்னும் சீக்கிரம் நிற்கும். அவன் கையில் ஓடுகிறது, என் கையில் நிற்கிறது. இது எப்படி?

கார்த்திகை போனது. மார்கழி மழை. தார்ப்பாய்க்குள் குலையும் வெளியே நானுமாக எத்தனை நாள் நனைந்திருப்பேன். செம்பனைக் குலையை வெட்டிய பிறகு நேரத்தோடு மில்லில் சேர்க்க வேண்டும், கிடந்தால் பழம் கெட்டுவிடும். மில்லில் திட்டு, தோட்டத்தில் திட்டு. வீட்டுக்கு வந்தால் அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து லோரிச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி இருப்பார். மதியச் சோற்றுக்கு வர வேண்டியவள் சாயங்காலம் வருவேன். சட்டையெல்லாம் நனைந்து, பசியோடு, பேச முடியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்த நாள்களில் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதிருக்கிறேன். அவருக்கு ஊட்டும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் ஒரு அக்கா சொன்னாள், "இது இஞ்சின் கோளாறு இல்ல சரோஜா. யாரோ செஞ்சி வச்சிருக்காங்க. லோரி மேல கண்ணு வச்சிருக்கிற ஆளு யாருன்னு யோசிச்சிப் பாரு."

யோசித்தேன். அந்த யோசனையை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அவர் படுத்த புதிதில் செல்வம் ஒரு தடவை, "லோரிய நான் ஓட்டட்டுமா அண்ணி, நீங்க அண்ணனோட இருங்க" என்று கேட்டிருந்தான். பாசத்தில் கேட்ட கேள்வி. அதை எடுத்துத் தூசி தட்டி விஷம் தடவினேன். ஓகோ, லோரி வேண்டும் இவனுக்கு. அதனால்தான் இவன் கையில் ஓடுகிறது.

பொங்கல் முடிந்த வாரம் வர்க்‌ஷாப்புக்குப் போனேன். தவுக்கே இருந்தார், இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். செல்வம் என் லோரிக்குத்தான் கீழே படுத்திருந்தான்.

"நீ கை வச்சா ஓடுது, நான் ஓட்டுனா நிக்குது. அது எப்படி செல்வம்?" என்று கேட்டேன்.

அவன் வெளியே வந்து துணியில் கையைத் துடைத்தான். "அதான் அண்ணி எனக்கும் புரியல."

"ஒனக்கா புரியல? அண்ணன் படுத்துட்டாரு, அண்ணி எத்தன நாளைக்கு ஓட்டுவா, களைச்சிப் போயி என்கிட்டதான் சாவியக் குடுப்பான்னு கணக்குப் போட்டுட்ட. என்ன செஞ்சி வச்சிருக்க? எந்தச் சாமியார்கிட்ட போன?"

அவன் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. அந்த மூன்று மாதத்தில் ஒரு வெள்ளிக் காசுகூடக் கூலி வாங்காதவன் அவன். "சரி அண்ணி" என்றான். உள்ளே போய் லோரிச் சாவியை எடுத்து வந்து என் கையில் வைத்துவிட்டு வேறு வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அவரிடம் பெருமையாகச் சொன்னேன், ஒங்க தம்பியக் கிழிச்சிட்டு வந்தேன் என்று. அவருக்கு என்னைத் திட்ட வாய் வரவில்லை. இடது கையை மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். பிறகு கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. எனக்காக அழத் தெரியாது, தம்பிக்காக அழுகிறாரே என்று அதற்கும் சண்டை பிடித்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வம் வருவது நின்றது. அண்ணனைக் குளிப்பாட்டிச் சவரம் செய்துவிடுவது அவன்தான். இப்போது அதையும் நானே செய்தேன். கன்னத்தில் இரண்டு இடத்தில் வெட்டிவிட்டேன்.

தைப்பூசத்துக்கு எல்லாரும் போனார்கள், நான் போகவில்லை. மாசி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில் கிராணி ஆபீசுக்குக் கூப்பிட்டார். தோட்டத்துக் கணக்கும் வீட்டுச் சாவியும் அவர் கையில்தான். கெட்ட மனுசர் இல்லை.

"சரோஜா, கோவத்துல சொல்லல. குலை ரோட்டுல காஞ்சா மில்லுல என்னையத்தான் கேக்குறாங்க. இந்த மாசம் முடியிற வரைக்கும் பாக்குறேன். அதுக்குள்ள இன்னொரு லோடு லேட்டானா வேற லோரிதான். அப்பறம் வீட்டையும் என்னால புடிச்சி வைக்க முடியாதும்மா."

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்வது? இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இருந்த சுவரையும் கம்பியில் காய்ந்த அவர் சட்டையையும் பார்த்தேன். இந்த வீட்டைவிட்டு இந்த மனுசனை எப்படித் தூக்கிக்கொண்டு போவேன் என்பதைத் தவிர வேறு எந்த நினைப்பும் வரவில்லை. கோயில் பக்கம் போய்க் கையெடுத்தால் வார்த்தை வரவில்லை. விளக்கை ஏற்றிவிட்டு ஊமை மாதிரி திரும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமைப் பொட்டு மட்டும் நிற்கவில்லை. பயத்தில் முன்னைவிடக் கெட்டியாகவே வைத்தேன்.

நான்கு நாள் கழித்து அது நடந்தது. நடு மத்தியானம். லோரி நிறையக் குலை. வழியில் நின்றுவிடக் கூடாது என்று அன்று காலையில்தான் டாங்கி வழிய டீசல் ஊற்றியிருந்தேன். தோட்டத்துச் செம்மண் பாதை பெரிய ரோட்டில் ஏறும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அதன் பாதியில் திணறியது. இரண்டு முறை இழுத்தது. நின்றது. இறங்கி ஓடிப் பின் சக்கரத்துக்குக் கல்லைக் கொடுத்தேன். குலை ஏற்றும் ஆட்கள் மோட்டோவில் எப்போதோ போய்விட்டார்கள். பம்பை அமுக்கினேன், இறுகிக் கிடந்தது. குமிழ். முறுக்கினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

மறுபடி ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். செல்வத்தின் பெயர் வரைக்கும் போய் நிறுத்திவிட்டேன். எந்த வாயால் கூப்பிடுவேன்?

மறைத்து என்ன பயன், சொல்லிவிடுகிறேன். பிரேக்கை விட்டுவிடலாமா என்று நினைத்தேன். நானும் உள்ளே இருந்துகொண்டுதான். கல் தாங்காது. பின்னால் பெரிய வாய்க்கால். ஒரு நிமிடத்துக்குக் குறைவாகத்தான் அந்த நினைப்பு இருந்திருக்கும். அந்த நேரத்துக்கு அவர் நாற்காலியில் என் சோற்றுக்காகக் காத்திருப்பார் என்று ஞாபகம் வந்தது. யார் ஊட்டுவார்கள்? அதனால் இறங்கினேன். வேறு வீரம் ஒன்றும் இல்லை.

இறங்கியதும் என் கண்ணில் பட்டது டாங்கி மூடிதான். சந்தனம் அப்பிக் குங்குமத்தோடு சிவப்பாக, கம்பீரமாக இருந்தது. அவ்வளவுதான், ஐந்து மாதம் அடைத்துக் கிடந்த வாய் திறந்துகொண்டது.

"ஏய்யா முனி, நீ சாமிதானா? வெள்ளிக்கு வெள்ளி தேச்சித் தேச்சி வச்சேனே, கண்ணு இருக்கா ஒனக்கு? டீசலப் பாத்துக்கன்னு சொன்னா என்னைய நடு ரோட்டுல வச்சி வேடிக்கை பாக்குறியா? என் புருசன் என்ன பாவம் பண்ணாரு? வாயும் போச்சு கையும் போச்சு, இப்ப வீடும் போவணுமா? வழி சொல்லு. சொல்ல மாட்டியா? சொல்லலன்னா ஒனக்கு எதுக்கு இந்தப் பொட்டு?"

இதில் எழுத முடியாத வார்த்தைகளும் இருந்தன. அவருக்குத் தெரியும். கத்திக்கொண்டே கொண்டையிலிருந்து ஊசியை உருவி அந்தப் பொட்டைச் சுரண்டினேன். மாதக் கணக்காக ஏறிய சந்தனம், கல்லாக இறுகியிருந்தது. குத்திக் குத்திப் பெயர்த்தேன். நடுவில் ஊசி பொசுக்கென்று உள்ளே இறங்கியது. வெளியே இழுத்தேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

பாம்பு என்றுதான் நினைத்தேன். செம்பனைக்குள் பாம்புக்கா பஞ்சம்? பின்னால் துள்ளி விழுந்தேன். பாம்பு இல்லை. சத்தம் மூடியிலிருந்து வந்தது. நிற்காமல் வந்தது. முனீஸ்வரர்தான் கோபத்தில் சீறுகிறார் என்று பயந்துவிட்டேன். மண்ணில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டேன். "தெரியாம பேசிட்டேன் அப்பா" என்றேன். தெரிந்துதான் பேசினேன், ஆனால் அந்த நேரத்தில் வேறு வார்த்தை வரவில்லை. சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து அடங்கியது.

எழுந்து முன்னால் போய்ப் பம்பை அமுக்கினேன். பஞ்சு மாதிரி இறங்கியது. ஐந்து மாதத்தில் அது அப்படி இறங்கியதே இல்லை. கொஞ்சம் குமிழ் வந்தது, பிறகு சுத்தமான டீசல். முறுக்கிவிட்டு ஏறிச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. அந்த மேட்டை முழுச் சுமையோடு ஏறியது. மில் வரைக்கும் ஒரு திணறல் இல்லை. லோடும் லேட்டாகவில்லை.

என் மேல் அவர் கோபப்படவில்லை, வழிவிட்டுவிட்டார் என்று வழியெல்லாம் அழுதேன். அந்த வாரம் முழுக்க லோரி நிற்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும், நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பொட்டைச் சுரண்டிய பாவத்துக்குப் பரிகாரமாக நல்ல சந்தனமாக வாங்கி வந்து, அதே மூடியில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினேன். சுருட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில், திகாம் பத்துக் கடைகளைத் தாண்டியதும் லோரி நின்றது.

அந்த நிமிடம் எனக்குள் எல்லாம் காலியாகிவிட்டது. முந்தைய தடவை திட்டுவதற்காவது தெம்பு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கொடுத்துவிட்டு எதற்குப் பிடுங்கினாய் என்றுகூடக் கேட்கவில்லை. ரோட்டோரம் லோரி நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கார்கள் போயின. யாரோ ஒரு மலாய்க்காரர் நிறுத்தி உதவி வேண்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, ஒரு கால் மணி இருக்கலாம். ஒரு வேண்டுதலும் செய்யவில்லை. கண் முன்னால் டாங்கி மட்டும் இருந்தது. புதுச் சந்தனம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது.

சுரண்டினேன், ஓடியது. அப்பினேன், நின்றது.

இப்படி இரண்டு வரியாகத்தான் அது வந்தது. யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னது போல வந்தது. எழுந்தேன். ஊசியை எடுத்துச் சந்தனத்தின் நடுவில் குத்தினேன். ஸ்ஸ்ஸ். இந்தத் தடவை நான் பயந்து விலகவில்லை. விரலை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தேன். விரல் நுனியை உள்ளே இழுத்தது. மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தது. நான் பொட்டு வைக்கும் அதே இடம்.

பம்பை அமுக்கி ஸ்டார்ட் பண்ணிக் கிளம்பிவிட்டேன். அந்த லோடும் நேரத்தோடு மில்லில் சேர்ந்தது. ஆனால் ஓட்டிக்கொண்டு போகையில் சந்தோஷம் வரவில்லை. வர்க்‌ஷாப்பில் லோரி ஏன் நிற்கவில்லை என்று விளங்கியது. செல்வம் அங்கே டாங்கியைத் திறந்து டீசல் ஓட்டம் பார்ப்பான். சாமிப் பொட்டு அழியக் கூடாது என்று மூடியைச் சுத்தமான துணியில் சீட்டின் மேல் வைத்துவிட்டு, திறந்த டாங்கியோடுதான் இஞ்சினை ஓட விடுவான். தவுக்கேகூட ஒரு தடவை மூடியைத் துடைக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். "இது சாமி பூஞா அக்கா, நான் தொட மாட்டேன் லா" என்றார், சாமியுடையது என்று. எல்லாரும் மரியாதை வைத்த இடத்தில்தான் கோளாறு உட்கார்ந்திருந்தது. அதை வைத்தது என் விரல். வெள்ளிக்கு வெள்ளி நானே வைத்தேன். வைத்துவிட்டு அவனைப் பார்த்து, என்ன செய்து வைத்திருக்கிறாய் என்று நாலு பேர் முன்னால் கேட்டேன்.

மில்லில் குலையைக் கொட்டிவிட்டு லோரிக்குள் உட்கார்ந்து அழுத அழுகை, ஐந்து மாதத்தில் அழுததைவிட அதிகம்.

மறுநாள் ஞாயிறு. மூடியை மட்டும் கழற்றி ஒரு பையில் போட்டுக்கொண்டு பாக்கார் ஆராங்கில் அவன் வீட்டுக்குப் போனேன். செல்வம் வாசலில் மோட்டோ கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். கேட்டைத் திறந்துவிட்டு மறுபடி மோட்டோவைக் கழுவினான்.

மூடியை நீட்டி நடந்ததைச் சொன்னேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான். துளையில் வாய் வைத்து ஊதிப் பார்த்தான். பிறகு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

"டீசல் கொறையக் கொறைய அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும் அண்ணி. வர வழி இல்லன்னா டாங்கி டீசல விடாம இழுத்துப் புடிச்சிக்கும். டாங்கி நெறைஞ்சிருந்தா இன்னும் சீக்கிரம் புடிக்கும். பம்பு கெடந்து இழுக்கும். அந்த இழுப்புல ஏதாவது மூட்டு வழியா ரவ்வோண்டு காத்து பூந்துரும். நான் அந்தக் குமிழப் பாத்துட்டு ஆங்கின் மாசோக், ஆங்கின் மாசோக்குன்னு தேடிக்கிட்டு இருந்தேன்." தலையில் அடித்துக்கொண்டான். "காத்து உள்ள போவ முடியாமத்தான் நின்னிருக்கு. மூணு மாசம் இந்த மூடியத் துணியில வச்சி வச்சி எடுத்தேன். ஒரு நாளு தொடச்சிப் பாக்கல."

"நீ தேடுனது தப்பில்ல செல்வம். நான் பேசுனதுதான் தப்பு" என்று சொல்லிக் கையெடுத்தேன். அவனைவிட வயதில் மூத்தவள்தான். இருந்தாலும் எடுத்தேன்.

"கையெல்லாம் எடுக்காதீங்க" என்றான். கையிலிருந்த மூடியைப் படியில் வைத்தான். "அன்னிக்கு நீங்க கேட்டது எனக்கு மறக்காது அண்ணி. பொய் சொல்லல. ஆனா அண்ணனப் பாக்காம என்னாலயும் இருக்க முடியல."

அன்றே என்னோடு வந்தான். அவர் வாசலில் இருந்தார். தம்பியைப் பார்த்ததும் இடது கையால் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அவன் குளிப்பாட்டும் வரைக்கும், சவரம் செய்து முடிக்கும் வரைக்கும், சோறு ஊட்டி முடிக்கும் வரைக்கும் அந்தப் பிடியை விடவில்லை. செல்வமும் விலக்கவில்லை. ஈரச் சட்டையோடு ஒரு பக்கம் சாய்ந்தபடியே எல்லாம் செய்தான். நான் அடுப்படியில் நின்று பார்த்தேன். பக்கத்தில் போக எனக்கு முகம் இல்லை.

மாசம் முடிந்தது. லோரி நிற்கவில்லை. கிராணி கூப்பிட்டு, வேலை உனக்குத்தான் என்று சொன்னார். இன்றுவரை அதே லோரிதான், அதே வீடுதான். இப்போது யார் மேலாவது சந்தேகம் வந்தால் உடனே வாயைத் திறப்பதில்லை. முழுக்க மாறிவிட்டேன் என்று சொன்னால் என் லயத்துக்காரர்கள் சிரிப்பார்கள். வர்க்‌ஷாப்புக்குப் போய்த் தவுக்கேயும் மற்றவர்களும் இருக்கும்போதே, நான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டு வந்தேன். செல்வம் ஞாயிறுதோறும் வருகிறான். முன்பு போல என்னோடு சிரித்துப் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான். அதுவே எனக்குப் பெரிது, மீதியை அவன் மனசு ஆறும் வரைக்கும் காத்திருக்கிறேன்.

துளை அடைத்திருந்தது, குத்தியதும் திறந்தது, இதில் சாமி எங்கே வந்தார் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. ஐந்து மாதம் தெரிந்தவர்கள் எல்லாம் தேடிக் கிடைக்காததை, அவர் முகத்தைப் பார்த்துத் திட்டிய அன்று அவர் என் கையிலேயே கொடுத்தார். அது எனக்குப் போதும். அப்பா முனீஸ்வரா, நான் பேசிய பேச்சுக்கு நீ என்னை அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. நன்றி என்ற வார்த்தை உனக்குக் காணாது.

கடைசியாக உங்களுக்கு ஒன்று. பணிவாகக் கேட்கத் தெரிந்தவர்கள் பணிவாகக் கேளுங்கள், நல்லது. ஆனால் நெஞ்சு வெடித்து, கும்பிடவும் முடியாமல், யாரையாவது குதற வேண்டும் என்ற வெறியோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களும் நம்மில் இருப்பார்கள். அவர்களுக்குத்தான் இதை எழுதினேன். அந்த வெறியைப் பக்கத்தில் இருக்கிறவர்கள் மேல் கொட்டிவிடாதீர்கள். இங்கே வாருங்கள். அவர் முன்னால் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். அவர் தாங்குவார். மனுசர்களால் தாங்க முடியாது.